கல்லாங்கரட்டுக் கூட்டத்துக்கு ஒரு தலைவர்

படிவம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. முதல் முறை "ஏழாம் கட்டம் காலி" என்று எழுதியிருந்தார்கள். இரண்டாம் முறை "ஏழாம் கட்டம் ஏன் காலி?" என்று கேட்டிருந்தார்கள். இந்த முறை கொஞ்சம் விரிவாக: "தாய், தகப்பன், பிள்ளைகள் என்பது குடும்பம். குடும்பம் வேறு துறை. கூட்டத்தின் தலைவர் யார் எனக் குறிப்பிட்டு மீண்டும் அனுப்பவும்."

அருள்குமார் அதை மோட்டார் சைக்கிள் டேங்கின் மேல் விரித்து இரண்டு தரம் படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தர்மபுரிக்குக் கிளம்பினான்.

அவன் வேலை பார்த்தது வன உயிர்க் கூட்டங்கள் பதிவு வாரியத்தில். ஊருக்குள் எத்தனையோ சங்கங்கள் பதிவில்லாமல் இயங்குவதைக் கண்டு வருந்திய பெரியவர்கள், காட்டிலும் அதே நிலைமை என்று தெரிந்து இன்னும் அதிகமாக வருந்தி உண்டாக்கிய வாரியம் அது. அதில் பதிவான கூட்டம் இருக்கிறது என்று பொருள். பதிவாகாத கூட்டம் கண்ணெதிரே நின்று ஊளையிட்டாலும் இல்லை.

அருள்குமார் விலங்கியலில் முதுகலை. முப்பத்தொரு வயது. மனைவி சுகுணா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தற்காலிகக் களக் கணக்கெடுப்பாளர் வேலைக்கு அவன் விண்ணப்பம் போட்டதற்குக் காரணம், அதில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதுதான். மாரண்டஹள்ளிக்கு மேற்கே கல்லாங்கரட்டில், எதிர்ப்பாறை மேல் உட்கார்ந்து ஓநாய்களைப் பார்த்து எழுத வேண்டும். பத்து மாதமாகப் பார்த்தான். எழுதினான். வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கித் தின்றான். ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவி என்ற இடத்தில் இன்னும் சுகுணாவின் படம் இருந்தது. எடுத்தால் அட்டை செல்லாது என்றார்கள். ஒரு ஆள் மட்டும் இருந்தால் அதைக் குடும்பமென்று கம்ப்யூட்டர் ஏற்பது கஷ்டம் என்றும் சொன்னார்கள். அவன் அதோடு விட்டுவிட்டான்.

ஆனால் இந்தப் படிவத்தை அப்படி விட முடியாது. கல்லாங்கரட்டில் மரமில்லை; முள்ளும் புல்லும் பாறையும்தான். மரமில்லாத நிலம் சும்மா கிடக்கும் நிலம் என்று பசுமைப் போர்வைத் திட்டத்தார் முடிவு செய்திருந்தார்கள். எட்டாயிரம் குழி தோண்டி எட்டாயிரம் கன்று நடுவது ஏற்பாடு. மழை வருவது ஜூனுக்கு மேல். நிதியாண்டு முடிவது மார்ச்சில். ஆகவே பிப்ரவரி வெயிலில் நடுகிறார்கள். வருகிற திங்கட்கிழமை ஜேசிபி வரும். கரட்டின் நடுவில் ஒரு பலகைப் பாறை, அதனடியில் வளை, வளைக்குள் ஆறு வாரக் குட்டிகள் நான்கு. அவற்றுக்கு நடக்கத் தெரியும், ஓடத் தெரியாது. சுற்றிலும் தக்காளித் தோட்டம், தோட்டத்துக்கு நாய், அந்தப் பக்கம் ஓசூர் ரோடு. கூட்டம் பதிவாகிவிட்டால் ஜேசிபி உள்ளே வர முடியாது. பதிவாக ஏழாம் கட்டம் நிரம்ப வேண்டும்.

வாரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளர் ஜானகியம்மாள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. யாரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் திருப்பி அனுப்புவார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. மறுபடியும் ஓநாயா?"

"ஆமாங்க மேடம்."

"தலைவரைக் கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"தலைவர்னு யாரும் இல்லீங்க. அப்பன், ஆத்தா, போன வருசத்துக் குட்டிங்க ரெண்டு, இந்த வருசத்துக் குட்டிங்க நாலு. பெரிய குட்டிங்க ரெண்டும் சின்னதுங்களப் பாத்துக்குது. அவ்வளவுதாங்க."

ஜானகியம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப தெனமும் உத்தரவு போடறது யாரு?"

"யாரும் போடறதில்லீங்க."

"வேட்டைக்குப் போறது?"

"பசிச்சா போகுதுங்க."

"உத்தரவே இல்லாமயா?"

பக்கத்து மேசைகளில் மூன்று பேர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மூவருக்கும் அன்று அதுவரை நிறுத்துவதற்கு வேலை எதுவும் இருக்கவில்லை.

ஜானகியம்மாள் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். ஏழாம் கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விழுந்தது: தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர், கடைநிலை உறுப்பினர். 'இல்லை' என்பது அதில் இல்லை.

"காலியிடம்னு வேணா போடலாம். போட்டா நெரப்பணும். நெரப்பணும்னா பணிமூப்புப் பட்டியல் வேணும். எட்டு ஓநாய்க்குப் பணிமூப்பு யாருங்க பாக்கறது?"

"அப்பன் ஓநாயவே தலைவர்னு போட்டுக்கிறேனுங்க மேடம்."

"மொத தடவையே போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். மூணு தடவ இல்லேன்னு எழுதிட்டு இப்ப இருக்குதுன்னா, நடுவுல என்ன நடந்துச்சுன்னு மேல கேப்பாங்க. இனி இணை இயக்குநரே நேர்ல வந்து தலைவரை அடையாளம் காணணும். வெள்ளிக்கெழம வரச் சொல்றேன். அன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குப் பதிவு மூடிரும். வுட்டா ஏப்ரல்தான்."

"திங்கக்கெழம ஜேசிபி வருதுங்க."

"அது வேற துறை," என்றார் ஜானகியம்மாள், உண்மையான வருத்தத்தோடு.

வெள்ளிக்கிழமை காலை எதிர்ப்பாறைக்குப் பின்னால் சாமியானாவும் நாற்காலிகளும் போட்டார்கள். வரவேற்புப் பேனரில் இணை இயக்குநர் மதியழகனின் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. மூலையில் தீப்பெட்டி அளவு ஓநாய் ஒன்று. அது ஓநாயும் இல்லை. யாரோ வீட்டு நாய். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். கரட்டில் எண்பது ஆடு மேய்ப்பவள். வருடத்துக்கு ஒன்றிரண்டு ஆட்டை ஓநாய்க்கு விட்டுக்கொடுப்பவள்.

"யாருக்குத் தம்பி கல்யாணம்?"

"ஓநாய்க்குத் தலைவரு யாருன்னு பாக்க வராங்கக்கா."

"அதுக்கு இத்தினி சேரா! எங்கூரு எலெக்சனுக்கே ரெண்டு போலீசுதான் வந்தாங்க."

"தலைவரு இருந்தாத்தான் ஜேசிபி வராதாம்."

பெரியம்மாள் கரட்டைப் பார்த்தாள், ஆடுகளைப் பார்த்தாள். "அப்புடின்னா என்னைய வேணா போட்டுக்கச் சொல்லு. ஜேசிபி வந்துட்டா எம்பது ஆட்டையும் ஓட்டிக்கிட்டு நான் எங்க போறது?"

பதினொரு மணிக்கு ஐந்து வாகனங்கள் வந்தன. முதல் வண்டிக் கதவை இரண்டாம் வண்டிக்காரர் திறந்தார். இரண்டாம் வண்டிக் கதவை மூன்றாம் வண்டிக்காரர் திறந்தார். ஐந்தாம் வண்டியில் வந்தவர் தன் கதவைத் தானே திறந்துகொண்டார். மதியழகன் உட்கார்ந்த நாற்காலியில் மட்டும் வெள்ளைத் துண்டு போட்டிருந்தது. மற்றவர்கள் துண்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்து உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் இடம் தெரிந்திருந்தது.

மைக் வேண்டாம், குட்டிகள் மிரளும் என்று அருள்குமார் கெஞ்சினான். மைக் இல்லாமல் இணை இயக்குநர் பேசியதாக வரலாறு இல்லை என்றார்கள். கடைசியில் மைக்கை வைத்துவிட்டு, ஒலிபெருக்கியின் வயரை மட்டும் பிடுங்கிவிடுவது என்று முடிவாயிற்று. மதியழகன் பேசினார். மூன்றாம் வரிசைக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. அங்கேதான் கைதட்டல் அதிகம் இருந்தது.

"முப்பத்தொரு ஆண்டுப் பணியில் நான் கண்ட உண்மை ஒன்று. தலைவர் இல்லாமல் கூட்டம் கிடையாது. பணியில் சேர்ந்த புதிதில் நான் ஓர் அதிகாரியின் பையைத் தூக்கினேன். எட்டு ஆண்டுகள் தூக்கினேன். அவர் நின்றால் நின்றேன். அவர் சிரித்த பிறகு சிரித்தேன். அவருக்கு இருமல் வந்தபோது எனக்கும் வந்தது. ஓநாயும் அப்படித்தான்! தலைவரை அடையாளம் காண விதி பதினான்கை நானே எழுதினேன். 'கிடைத்த உணவை முதலில் உண்பவர் தலைவர்.' எந்த நூலையும் பார்த்து எழுதவில்லை. நம் அலுவலகத்தைப் பார்த்து எழுதினேன்!"

கைதட்டல் ஓய்ந்ததும், ஏதாவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சொல்வது அது. அருள்குமார் எழுந்தான்.

"சார், தலைவர், கடைநிலைன்னு சொன்னதெல்லாம் கூண்டு ஓநாய்ங்களப் பாத்து எழுதினதுங்க. வேற வேற எடத்துல இருந்து கொண்டாந்து ஒரே கூண்டுல அடச்சது. ஒன்னுக்கொன்னு சொந்தமில்ல, வெளிய போக வழியுமில்ல. அதனால யாரு பெரியவன்னு கடிச்சிக்கிச்சுங்க. காட்டுல இருக்கறது அப்பன் ஆத்தா புள்ளைங்கதாங்க."

மதியழகன் சிரித்தார். அவருக்குப் பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். "அதாவது, ஊர் ஊரா புடிச்சிட்டு வந்து ஒரே கட்டடத்துல போட்டா கடிச்சிக்கும்னு சொல்றீங்க."

"ஆமாங்க சார்."

"தம்பி, நான் ராமநாதபுரம். இவரு வேலூரு. அவரு தஞ்சாவூரு. ஜானகியம்மா அரூரு. பதினோரு வருசமா ஒரே கட்டடத்துல இருக்கோம். நாங்க கடிச்சிக்கிறோமா?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. தஞ்சாவூர்க்காரர் மட்டும் கழுத்தைத் தடவிவிட்டுக்கொண்டார்.

ஓநாய்கள் வெயில் தாழ்ந்துதான் வெளியே வரும் என்று அருள்குமார் சொன்னான். ஆகவே சாப்பாட்டுக்கு எழுந்தார்கள். தொப்பூரிலிருந்து அண்டாவோடு பிரியாணி வந்திருந்தது. மூடியைத் திறந்த நேரத்தில் மதியழகனுக்குத் தொலைபேசி வந்தது. அவர் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினார். முப்பது பேர் தட்டோடு அண்டாவைச் சுற்றி நின்றார்கள். எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. ஒருவர் அறியாமல் அரை அடி முன்னால் வந்தார். பக்கத்திலிருந்தவர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஓரடி பின்னால் போனார். பிறகு இணை இயக்குநர் தின்றார். பிறகு உதவி இயக்குநர்கள், பிறகு ஜானகியம்மாள், பிறகு எழுத்தர்கள், பிறகு ஓட்டுநர்கள். அருள்குமாரின் முறை வந்தபோது அண்டாவில் பட்டையும் வெங்காயமும் இருந்தன. அவன் அதைப் பெரியம்மாளுக்குப் பாதி கொடுத்தான்.

"முட்டையாச்சும் இருந்துச்சா தம்பி?"

"அது மூணாவது ஆளோட தீந்துருச்சுக்கா."

ஆறு மணிக்கு எல்லோரும் பாறைமேல் குந்தினார்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பலகைப் பாறை. மதியழகனுக்குத் தொலைநோக்கி; ஜானகியம்மாள் மடியில் மடிக்கணினி. பதிவு மூட ஒரு மணி நேரம் இருந்தது.

முதலில் போன வருடத்துப் பெண்குட்டி வெளியே வந்தது. மோப்பம் பிடித்தது. பாறையில் இத்தனை பேர் இருப்பது அதற்குத் தெரிந்திருக்கும். அது திரும்பி உள்ளே போய்விடும் என்று அருள்குமார் நினைத்தான். போகவில்லை. உட்கார்ந்தது. அதன் பின்னால் நான்கு குட்டிகள் உருண்டு வந்து அதன் வாலைக் கடித்தன, காதைக் கடித்தன. அது எல்லாவற்றுக்கும் சும்மா இருந்தது.

ஆறு பத்துக்குக் கரட்டின் மேலிருந்து தகப்பன் இறங்கியது. இடது காது கிழிந்த ஓநாய். பின்னால் தாயும் போன வருடத்து ஆண்குட்டியும். குட்டிகள் நான்கும் ஓடத் தெரியாமல் ஓடிப்போய்த் தகப்பனின் வாயை நக்கின.

"பாத்தீங்களா!" என்றார் மதியழகன், தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பணிவு! இதத்தான் நான் முப்பத்தொரு வருசமா சொல்றேன். ஜானகியம்மா, எழுதுங்க. தலைவர்..."

அப்போது தகப்பன் ஓநாய் தலையைத் தாழ்த்தி வாந்தி எடுத்தது.

"தலைவருக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லீங்க சார். எங்கியோ முயலப் புடிச்சுத் தின்னுட்டு வந்திருக்குது. குட்டிங்களுக்கு வயித்துல வெச்சுத்தான் தூக்கியாறும். வாயை நக்கறது சோறு கேக்கறதுங்க."

குட்டிகள் தின்றன. எல்லாவற்றிலும் சின்னது, வலது முன்னங்கால் கொஞ்சம் வளைந்தது, அண்ணன் அக்காக்களின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து முதல் துண்டை எடுத்துக்கொண்டது. தகப்பன் நான்கடி தள்ளி உட்கார்ந்து காலி வயிற்றோடு பார்த்துக்கொண்டிருந்தது. சுகுணாவும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள், அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை. அப்போது அவன் அதைக் கவனித்ததில்லை.

ஜானகியம்மாள் தொண்டையைக் கனைத்தார்.

"சார். விதி பதினாலு."

"தெரியும்."

"மொதல்ல தின்னது அந்தக் கடைக்குட்டிதாங்க சார்."

"நான் பாத்தேன்."

"விதியத் திருத்தணும்னா வாரியம் கூடணும். வாரியம் ஏப்ரல்லதான் கூடுது."

மதியழகன் தொலைநோக்கியைக் கீழே வைத்தார். அந்த விதியைக் கைவிட்டால், தான் இதுவரை முதலில் சாப்பிட்ட பிரியாணிகளுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்ற கேள்வி வந்துவிடும். அவர் நேர்மையான மனிதர். "விதி விதிதான்," என்றார். "எழுதுங்க. தலைவர், கடைக்குட்டி."

மணி ஆறு முப்பத்தெட்டு. ஜானகியம்மாள் தட்டினார். திரை சிவப்பானது.

"வயசு மூணு வருசத்துக்குக் கொறயக் கூடாதுன்னு வருது சார். இதுக்கு ஆறு வாரம்."

"அப்ப?"

"மைனர்னு போட்டு காப்பாளர் வெச்சிக்கலாம். அதுக்கு வசதி இருக்குது." அவர் அருள்குமாரிடம் திரும்பினார். "அப்பன் ஓநாய்க்கு ஆதார் இருக்குங்களா தம்பி?"

"இல்லீங்க மேடம்."

"ஆத்தாளுக்கு?"

"இல்லீங்க."

"கெட்டுது போ. அப்ப உங்க நம்பரச் சொல்லுங்க."

அவன் சொன்னான். தலைவருக்குக் காப்பாளர் என்ன உறவு என்று அடுத்த பட்டியல் விழுந்தது. ஜானகியம்மாள் வாசித்தார்: "தந்தை, தாய், அண்ணன், பாட்டனார், தாய்மாமன். எது போடட்டும்?"

"தாய்மாமனத் தவிர மத்தது எதையும் போட முடியாதுங்களே மேடம்."

"ஆமா. தாய்மாமன்தான் பொருத்தம். ஆத்தா வழி ஆளுங்க யாரும் வந்து நீ யாருன்னு கேக்கப் போறதில்ல." தட்டினார். "உங்க போனுக்கு ஓடிபி வரும்."

மதியழகன் போனுக்குக் கிடைத்த சிக்னல் அருள்குமாரின் சிம்முக்கு இல்லை. பாறையின் உச்சியில் ஓரிடத்தில் மட்டும், கையைத் தூக்கிப் பிடித்தால் வரும். அருள்குமார் ஓடினான். கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். கீழே ஒரு வாரியம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எட்டு ஓநாய்களும் பார்த்தன. ஆறு ஐம்பத்தாறுக்கு எண் வந்தது. கத்திச் சொன்னான். ஆறு ஐம்பத்தெட்டுக்குத் திரை பச்சையானது.

தலைவருக்குப் போர்த்தவென்று ஒரு சரிகைச் சால்வை கொண்டுவந்திருந்தார்கள். பள்ளத்தைத் தாண்டிப் போய்ப் போர்த்த யாரும் முன்வரவில்லை. மதியழகன் அதைக் காப்பாளருக்குப் போர்த்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஜேசிபி வந்தது. ஓட்டுநர் நஞ்சப்பன் இறங்கிச் சான்றிதழை வாங்கிப் படித்தான். நடுவில் ஒருமுறை அருள்குமாரின் முகத்தைப் பார்த்தான்.

"சார், இதுல ஒம்பதாவதா உங்க பேரு போட்டிருக்குது."

"ஆமாங்க."

"உறுப்பினர், தாய்மாமன்னு."

"ஆமாங்க."

நஞ்சப்பன் பலகைப் பாறையைப் பார்த்தான், மறுபடியும் அவனைப் பார்த்தான். இதற்கு மேல் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தவனைப் போல வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். பெரியம்மாள் ஆடுகளைக் கரட்டுக்குள் ஓட்டினாள்.

"தாய்மாமன்னா சீர் வெக்கணும் தம்பி. காது குத்து எப்ப?"

"அப்பனுக்கு ஏற்கெனவே ஒரு காது கிழிஞ்சிருக்குதுக்கா. பயப்படுவாரு."

பெரியம்மாள் கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். தான் ஒரு தமாஷ் சொல்லிவிட்டது அவனுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து வாரியத்திலிருந்து குறிப்பாணை வந்தது. "பதிவுச் சான்றின்படி கல்லாங்கரட்டுக் கூட்டத்தின் உறுப்பினர் எண்ணிக்கை ஒன்பது. நேரடி ஆய்வின்போது எட்டு மட்டுமே காணப்பட்டன. உறுப்பினர் எண் 9 வாழிடத்தில் தங்காமலிருப்பதற்கான விளக்கத்தை மூன்று நாட்களுக்குள் அளிக்கத் தவறினால், கூட்டம் கலைந்துவிட்டதாகக் கருதிப் பதிவு ரத்து செய்யப்படும்."

அன்று மாலை அருள்குமார் டிபன் டப்பாவோடு எதிர்ப்பாறையில் ஏறினான். தகப்பன் வந்தது. குட்டிகள் தின்றன. வளைந்த கால்காரன் இப்போது ஓடக் கற்றிருந்தான். எல்லாம் முடிந்த பிறகு அருள்குமார் டப்பாவைத் திறந்தான். சோறு ஆறிப்போயிருந்தது. தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, தாளை முழங்கால்மேல் வைத்து விளக்கம் எழுதினான்.

"உறுப்பினர் எண் 9 தினமும் மாலை வாழிடத்துக்கு வந்துவிடுகிறார். தலைவர் நலம். உறுப்பினர் எண் 9 முதலில் சாப்பிடுவதில்லை."